இருநூறு மணி நேரப் பேச்சு

சாந்தாமணி அக்காவோட குரல் தொண்டைய விட்டு எறங்கிப் போய் ஸ்பீக்கருக்குள்ள குடியேறினது ஒரு மார்கழி மாசத்து ஞாயித்துக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, சாம்பாரு கொதிச்சு எறக்கி வெச்ச கையோட. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, ஏன்னா அந்தச் சாம்பாருக்கு முருங்கைக்கா நறுக்கிக் குடுத்தவ நாந்தான்.

அதுக்கு முன்னால அன்னிக்கு அந்த வீட்டுல கூடியிருந்த ஆம்பளைங்க யாருன்னு சொல்லிடறேன். நல்லோசை வட்டம்னு பேரு, ஆறு பேரு. அக்கா வீட்டுக்காரரு வெள்ளியங்கிரி அண்ணன், பீளமேட்டுல பம்புசெட்டு மோட்டாருக்கு வார்ப்பு ஊத்தற ஃபவுண்டரி வெச்சிருக்கறவரு. காது மூக்கு தொண்டை டாக்டரு மோகனரங்கம். என் வீட்டுக்காரரு நடேசன், அண்ணனோட ஃபவுண்டரி வார்ப்புகள வாங்கி லேத்துல கடைஞ்சு குடுத்துப் பொழைக்கறவரு. மிச்சம் மூணு பேரோட பேரத் தெரிஞ்சு நீங்க ஒண்ணும் பண்ணப் போறதில்ல. மாசம் ஒரு ஞாயிறு ஒருத்தரு வீட்டுல கூடுவாங்க, கூடி உக்காந்து பாட்டுக் கேப்பாங்கன்னு நெனச்சுக்காதீங்க, பாட்ட எவன் கேட்டான், பாடற பொம்பள மூச்சு எடுக்கறது எடது பக்கமா நடுவுலயா, மிருதங்கக்காரரு வெரல் மோதிரம் கட்டையில படறது கேக்குதா இல்லியா, பின்னால எவனோ இருமினான் பாரு அவன் எத்தன அடி தள்ளி உக்காந்திருந்தான், அதத்தான் கேப்பாங்க, ஒரே துண்ட ஏழு தடவ போட்டுக் கேப்பாங்க.

அவங்களுக்கு ஒரு நாற்காலி உண்டு. தேக்குல செஞ்சு முதுகுக்குப் பிரம்பு பின்னின பழைய நாற்காலி. ஸ்பீக்கரு ரெண்டுக்கும் நடுவுல டேப்பு புடிச்சு அளந்து அதப் போடுவாங்க, ஒருத்தரு மாத்தி ஒருத்தரு மூணு நிமிசம் அதுல உக்காருவாங்க, எந்திரிக்கறப்ப ஒரு கொற சொல்லியே ஆகணும். கொற சொல்லாம எந்திரிச்சவனுக்குக் காது செவிடுன்னு அர்த்தமாம். மே மாசம் ரெண்டாவது ஞாயிறு வருசக் கூட்டம், அன்னிக்கு வீடு வீடாப் போய்க் கேட்டு, எந்த வீட்டுச் சத்தத்துல கொற கம்மியோ அந்த வீட்டுல நாற்காலி ஒரு வருசம் தங்கும், மினி ஆட்டோவுல மால போட்டுக் கொண்டாருவாங்க. கல்யாணத்துல கூட எங்களுக்கு அத்தன பெரிய மால போட்டதில்ல.

வெள்ளியங்கிரி அண்ணன் வீட்டுக்கு அந்த நாற்காலி கூட்டத்தன்னிக்கு வந்து போனதோட சரி, ஒரு தடவகூடத் தங்கினதில்ல. அந்த வெறியில அவரு மொதல்ல செவுத்துக் கடியாரத்தக் கழட்டினாரு, அப்பறம் ஃபேனக் கழட்டினாரு, அப்பறம் ஃபிரிட்ஜு மொணமொணங்குதுன்னு காரு நிக்கற எடத்துக்குத் தள்ளினாரு, அப்பறம் ஞாயித்துக்கிழமையில குக்கரு விசிலடிக்கக் கூடாதுன்னாரு, அப்பறம் அக்கா கொலுசு போச்சு, கண்ணாடி வளையலு போச்சு, மெட்டி டைல்ஸுல படறதுகூடக் கேக்குதுன்னு அக்காவுக்குத் துணிச் செருப்பு வந்துச்சு. இருவத்திநாலு வருசமா அந்த வீட்டுல இருந்து ஒவ்வொரு சத்தமா வெளிய போயி, கடைசியில மிச்சம் இருந்தது அக்கா பேசற பேச்சு ஒண்ணுதான். அதுக்கு அவரு வெச்சிருந்த வைத்தியம் ஷ்ஷ். திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு, வலது கைய மட்டும் தோள் ஒசரத்துக்குத் தூக்கி, ஷ்ஷ். பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளைகள வாய்ப்பாடு சொல்ல வெக்கற டீச்சரு, வீட்டுக்குள்ள வந்தா அந்தக் கையப் பாத்து வாய மூடிக்குவா. பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா வாயத் தொறந்து நான் ஒண்ணும் கேட்டதில்ல, அதையும் சொல்லிடறேன்.

அந்த ஞாயித்துக்கிழம அவரு புது ஸ்பீக்கரு எறக்கியிருந்தாரு, ஆளு ஒசரத்துக்கு ரெண்டு. கூட கண்ணாடிக் குழாயாட்டம் வால்வு வெச்ச ஆம்ப்ளிஃபையரு, உள்ளார விளக்கு எரியற மாதிரி செவசெவன்னு இருக்கும். அக்கா சமையக்கட்டு வாசல்ல நின்னு வாயத் தொறந்தா, அவரு கையத் தூக்கி ஷ்ஷுன்னாரு, அந்த ஷ்ஷு முடியறதுக்குள்ள ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவுல, தரையில இருந்து நாலடி ஒசரத்துல, அக்கா குரலு கேட்டுச்சு:

"சாம்பாரு ஆறிப் போகுதுங்க. எந்திரிச்சு வாங்க."

அக்கா கழுத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டா. ஆம்பளைங்க ஆறு பேருல ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. நாற்காலியில இருந்த டாக்டரு கண்ண மூடினபடியே, "நடுவுல எப்படி நிக்குது பாருங்க, அப்படியே எதுக்க ஆளு நிக்கற மாதிரி"ன்னாரு. என் வீட்டுக்காரரு, "எந்தப் பாட்டுத் தட்டுங்ணா இது"ன்னு கேட்டாரு. அண்ணன் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தலையத் திருப்பி அக்காவப் பாத்தாரு, பாத்துட்டு, "இன்னொரு வாட்டி சொல்லு சாந்தா"ன்னாரு. இருவத்திநாலு வருசத்துல அவரு அப்படிக் கேட்டது அதான் மொத தடவ.

டாக்டரு அங்கயே டார்ச்சு அடிச்சு அக்கா தொண்டையப் பாத்தாரு. தொண்டையில ஒரு கோளாறும் இல்லைன்னுட்டு, திரும்பப் போய் நாற்காலியில உக்காந்து, மேல்ஸ்தாயி கொஞ்சம் கீச்சுங்குதுன்னு கொற சொன்னாரு. அதோட வைத்தியம் முடிஞ்சுது.

ஊரு எதத்தான் ஏத்துக்காது. ஒரு வாரத்துல எல்லாருக்கும் பழகிப் போச்சு. அக்கா கடைவீதியில நின்னு ஆட்டோக்காரருகிட்ட வாயசைச்சா, வீட்டுல ஸ்பீக்கரு, "சிங்காநல்லூரு வருமா"ன்னு கேக்கும். பால்காரரு வாசல்ல நின்னு அக்கா வாயப் பாத்துட்டு ஜன்னல் பக்கமாக் காதத் திருப்பிக்குவாரு. ஓசூருல இருக்கற மக ஃபோன் பண்ணினா அண்ணன் ஃபோன ஸ்பீக்கரு முன்னால ஸ்டூலு போட்டு வெப்பாரு, அந்தப் புள்ளையும், "அம்மா, இப்பத்தான் நீ பேசறது தெளிவாக் கேக்குது"ன்னுச்சாம். கோயில்ல அக்கா பேருல அர்ச்சன பண்ணினாங்க. பண்ணின குருக்களே அடுத்த வாரம் வந்து, கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்னு நின்னாரு.

கரண்டு போனா அக்கா ஊமை. அதுகூடப் பரவால்ல, கரண்டு வந்துரும். அண்ணன் ஒரு நாள் உக்கார வெச்சு, "இத பாரு சாந்தா, வால்வுக்கு ஆயுசு இத்தன மணி நேரம்னு இருக்குது, தேஞ்சிரும், இனிமே சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் போட்டு வெக்கறேன், அவசியமானத மட்டும் பேசு"ன்னு சொல்லிட்டாரு. நாங்க பொம்பளைங்கெல்லாம் ஆறு மணிக்குப் போவோம். கால் கழுவிட்டு, வளையலக் கழட்டி வாசல்ல இருக்கற தட்டுல போட்டுட்டு, நாற்காலிக்குக் கோடு போட்டு வெச்சிருக்கற எடத்த மிதிக்காம ஓரமா உக்காருவோம். அக்கா எங்க பக்கத்துல இருப்பா, பேச்சு எதுக்க இருந்து வரும். யாரப் பாத்துப் பதில் சொல்றதுன்னே தெரியாது. எட்டு மணிக்கு அவரு வந்து பட்டனத் திருப்புவாரு, அக்கா பாதிச் சொல்லோட நின்னுருவா. டீயக் குடிச்சுட்டு நாங்க வளையலப் போட்டுக்கிட்டு வந்துருவோம்.

இதுல இன்னொரு கூத்து. அக்கா குரலக் கேட்டுட்டுப் போன ஆம்பளைங்க அஞ்சு பேரும் அவங்கவங்க வீட்டுல போய்ப் பொண்டாட்டிய ஸ்பீக்கரு முன்னால நிறுத்தி, வேணும்னே ஷ்ஷுங்க ஆரம்பிச்சாங்க. டாக்டரு சம்சாரம் பொறந்த வீட்டுக்கே போயிட்டா. என் வீட்டுக்காரரு நான் உப்பு எங்கன்னு கேட்டாக் கையத் தூக்குவாரு, கரண்டு பில்லு வந்திருச்சுன்னு சொன்னாக் கையத் தூக்குவாரு, தூக்கிட்டு ஸ்பீக்கரப் பாப்பாரு. எங்கூட்டு ஸ்பீக்கருல ஒண்ணும் வரல. "உனக்குக் குரலு அந்தளவுக்கு இல்ல லோகு"ன்னு வருத்தப்பட்டாரு மனுசன். லோகநாயகின்னு பேரு எனக்கு. கட்டிக்கிட்டு வந்து பத்தொம்பது வருசம் ஆச்சு.

அக்காவுக்கு இருந்த கவல ஒண்ணே ஒண்ணுதான், பள்ளிக்கூடம். அரைப் பரீட்ச லீவுல குரலு போச்சு, அப்படியே மெடிக்கல் லீவு போட்டா, முழுப் பரீட்சையும் வந்துருச்சு. ஹெச்செம் நல்ல மனுசி, ஆனா அவங்க என்ன பண்ணுவாங்க. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்கு டீச்சரு வாயத் தொறந்து பாடம் நடத்தணும், இல்லைன்னா வேற ஆளு போடறதத் தவிர வழியில்லைன்னு நேருலயே வந்து சொல்லிட்டுப் போனாங்க. மூணாங்கிளாசு புள்ளைகள வேணா இங்க கூட்டியாரட்டுமான்னு அவங்க கேட்டதுக்கு அண்ணன், அத்தன ஒடம்பு உள்ள உக்காந்தா சத்தத்த உறிஞ்சிரும்னு மாட்டேன்னுட்டாரு.

குரலு திரும்பி வர்ற வழி தெரியாமயும் இல்ல. மாசி மாசத்துல ஒரு நாள் அவரு ஸ்பீக்கரு வயரு ரெண்டையும் கழட்டி முனைய ஸ்பிரிட்டு போட்டுத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு, சமையக்கட்டுல அக்கா தோசக்கல்லுல கையச் சுட்டுக்கிட்டா. ஐயோன்னு கத்தினா, சொந்தத் தொண்டையில. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அக்கா சுட்ட கைய மறந்துட்டு என்னப் பாத்துச் சிரிச்சா, "லோகு, வந்திருச்சு லோகு"ன்னா, ஓடிப் போய் அவருகிட்டச் சொல்றதுக்குள்ள அவரு வயர மாட்டிட்டாரு. அந்தப் பேச்சோட மிச்சம் ஸ்பீக்கருல கேட்டுச்சு.

அன்னியில இருந்து அக்கா ஆறு மணிக்குப் பேசற மொதப் பேச்சு, "கழட்டிடுங்க". அவரு ஒரு தடவ வருசக் கூட்டம் முடியட்டும்னாரு. ஒரு தடவ, "நான் பக்குவமாக் கழட்டினாத்தான் ஆச்சு, தெரியாத ஆளு வயரப் புடுங்கினா ஆம்ப்ளிஃபையரு வெடிச்சு உள்ள இருக்கற உன் குரலும் சேந்து எரிஞ்சு போயிரும்"னாரு. அந்த ஒரு பேச்சுல அக்கா ஒடுங்கிட்டா. அந்த ஸ்பீக்கருக்கு அரைச்சாண் கிட்டக்கூடப் போக மாட்டா.

சித்திரை பொறந்ததும் அவரு வெள்ளி வயரு வாங்கிட்டு வந்தாரு. அது மாட்டினதுல அக்கா குரலு மூக்கடைச்ச மாதிரி ஆயிருச்சு. ஆறு பேரும் கூடிப் பேசி முடிவு பண்ணினாங்க: புது வயரு இருநூறு மணி நேரம் ஓடினாத்தான் சத்தம் தொறக்கும். அது அவங்களுக்கு வேதவாக்கு. இருநூறு மணி நேரமும் யாரும் கேக்கக் கூடாது, கேட்டா காது கெட்டுப் போகும், கதவச் சாத்திட்டு வந்துரணும், அதுவும் வேதவாக்கு. "எதையாவது பேசு சாந்தா, என்ன வேணா பேசு, நாங்க ஒருத்தரும் கேக்க மாட்டோம். கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே நானே கழட்டிடறேன், என்னோட வாக்கு"ன்னாரு அண்ணன். வால்வு தேயறத அப்ப அவரு பாக்கல.

அக்கா சரின்னுட்டா. சமையக்கட்டுல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு, துணி மடிச்சுக்கிட்டு, காலையில எட்டுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் வாயசைச்சுக்கிட்டே இருந்தா, மெத்த வெச்சுத் தெச்ச கதவுக்கு அந்தப் பக்கம் இருபது நாளு பேச்சு ஓடுச்சு. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல.

பதிமூணாவது நாளு எனக்குத் தாங்கல. அண்ணன் ஃபவுண்டரியில இருக்கற நேரமாப் பாத்து, அக்கா மொட்டமாடியில வடகம் காயப் போட்டுக்கிட்டு இருக்கறப்ப, கதவத் தொறந்து உள்ள போயி, அவரு சேரு போட்டு வெச்சிருந்த அந்த நடு எடத்துல உக்காந்தேன். ஏழாம் வாய்ப்பாடு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது முடிஞ்சு, கல்யாணமான புதுசுல கொலுசு மாட்டிக்கிட்டு மாடிப்படி எறங்கினது ஓடுச்சு. பிரசவ வலி எடுத்தப்ப அவரு ஷ்ஷுன்னது ஓடுச்சு. அழுக இல்ல, கோவம் இல்ல, மளிகச் சாமானு சொல்ற மாதிரி ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வந்தா. அப்பறம் சொன்னா:

"லோகு தெனமும் வர்றா. நல்லவதான். மாசி மாசத்துல என் தொண்டையில குரலு வந்தத அவ கண்ணால பாத்தா. ஒரு நாளாவது அவருகிட்ட, கழட்டுங்ணான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். டீயக் குடிச்சுட்டுப் போயிருவா."

நான் எந்திரிச்சுக் கதவச் சாத்திட்டு வீட்டுக்கு வந்துட்டேன். கேட்டிருக்கலாம். ஆனா எங்க லேத்துல ஏறற வார்ப்பு பூரா அவரு குடுக்கறது. அதச் சொல்லி மனசச் சமாதானம் பண்ணிக்கிட்டேன். அடுத்த நாளும் போய் டீ குடிச்சேன், அக்கா மொகத்தப் பாக்காம.

மே மாசம் ரெண்டாவது ஞாயிறு, மத்த வீடெல்லாம் முடிஞ்சு கடைசியா, நாற்காலி மால போட்டுக்கிட்டு அக்கா வீட்டுல வந்து எறங்குச்சு. ஒருத்தரு மாத்தி ஒருத்தரு உக்காந்தாங்க. அக்கா சமையக்கட்டு வாசல்ல நின்னு பேசினா, வேற என்ன பேசுவா, "டாக்டருக்குச் சக்கர கம்மியா போட்டிருக்குது, நடேசனுக்கு வடை ரெண்டு எடுத்து வெச்சிருக்குது." ஆறு பேரும் எந்திரிச்சாங்க, ஆறு பேரும் கொற சொல்லல. வட்டம் ஆரம்பிச்சு அப்படி நடந்ததே இல்லியாம். டாக்டரு கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு. நாற்காலி வெள்ளியங்கிரி வீட்டுக்குத்தான்னு கை தட்டினாங்க, தட்டினது கூட மெதுவா.

அப்ப நடுவுல இருந்து, நாலடி ஒசரத்துல இருந்து, அக்கா குரலு:

"கூட்டம் முடிஞ்சுதுங்க. கழட்டிடுங்க."

"ஆஹா, அந்தக் கடைசிச் சொல்லு எப்படி வந்து ஓயுது பாருங்க"ன்னாரு டாக்டரு.

அண்ணன் நாற்காலியில சாஞ்சு உக்காந்தாரு. "சாந்தா, இப்பத்தான் தொறந்திருக்குது. கழட்டினா மறுபடி மூடிக்கும், மறுபடி இருநூறு மணி நேரம் ஓடணும். அடுத்த வருசம் பாக்கலாம்"னாரு.

ஸ்பீக்கருல அக்கா மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு, அத்தன தெளிவா. பள்ளிக்கூடம் தொறக்க இருவது நாளு இருந்துச்சு. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியல, கையில இருந்த டீத் தட்டோட நடு ரூமுக்குள்ள போய், "கழட்டுங்ணா, வாக்குக் குடுத்தீங்கல்ல"ன்னேன்.

அவரு திரும்பிப் பாக்கல. வலது கையத் தூக்கினாரு. ஷ்ஷ்.

அடுத்து நான், ஒரு டீச்சரு பொழப்பக் கெடுத்துட்டு உக்காந்திருக்கீங்களே வெக்கமா இல்லியான்னு கேட்டேன். கேட்டது எனக்குத் தெரியும், என் நெஞ்சு அசைஞ்சுது. குரலு வலது பக்க ஸ்பீக்கருல இருந்து வந்துச்சு. தொண்டையில கை வெச்சேன், வீடு காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. ஆம்பளைங்க ஆறு பேரும் முன்னால சாஞ்சாங்க. "ரெண்டு குரலு, தனித்தனியா"ன்னு ஒருத்தரு சொன்னாரு. என் வீட்டுக்காரரு மொகம் பூரா பல்லு. "நம்ம லோகுங்ணா அது"ன்னாரு, கல்யாணத்தன்னிக்குக் கூட அந்த மனுசன் அப்படிப் பூரிச்சதில்ல. நான் வாயத் தொறந்து தொறந்து மூடறேன், ஸ்பீக்கருல என் பயம் ஒண்ணு விடாம கேக்குது, அவங்க கண்ண மூடிக் கேட்டுக்கிட்டு இருக்கறாங்க.

சாந்தாமணி அக்கா என்னப் பாத்தா. பாத்துட்டுத் துணிச் செருப்பக் கழட்டி ஓரமா விட்டா. நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல, இத்தன வருசத்துல ஒருத்தரும் நடக்காத எடத்துல, மெட்டி டைல்ஸுல தட்டத் தட்ட நடந்து போனா. எரிஞ்சு போயிரும்னு அவ நம்பினா, எனக்கு அது நல்லாத் தெரியும், மாசியில இருந்து அவ பயந்தது அதுக்குத்தான். குனிஞ்சு ரெண்டு கையாலயும் வெள்ளி வயரப் புடிச்சுப் புடுங்கினா.

வால்வு ஒண்ணு பட்டுன்னு தெறிச்சுது. பொக வந்துச்சு. அண்ணன் நாற்காலிய விட்டு எறங்கி மண்டி போட்டு ஆம்ப்ளிஃபையரத் தடவிக்கிட்டு, போச்சு போச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் அக்கான்னு கூப்புட்டேன், என் தொண்டையிலயே வந்துச்சு. அவ வாயத் தொறந்தா. ஒண்ணும் வரல. மூடிக்கிட்டா. மறுபடி தொறந்தா, அப்பவும் வரல. எரிஞ்சுதான் போச்சுன்னு நெனச்சேன். மூணாவது தடவ, துருப் புடிச்ச கதவு மாதிரி கரகரன்னு, தரையில இருந்து அவ ஒசரத்துல, அவ வாயில இருந்தே வந்துச்சு:

"தண்ணி குடிக்கறயா லோகு?"

ஜூன் மாசம் அக்கா பள்ளிக்கூடம் போனா. மூணாங்கிளாசு ஜன்னலு ரோட்டுப் பக்கம், ஏழாம் வாய்ப்பாடு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேக்கும். நாற்காலி வெள்ளியங்கிரி அண்ணன் வீட்டுலதான் இருக்குது, ஜெயிச்சாரில்ல. புது வால்வு போட்டுப் பாத்தாரு, எந்தத் தட்டப் போட்டாலும் அந்த ஸ்பீக்கருல ஒண்ணும் வர்றதில்ல, அதுக்கும் வட்டத்து ஆளுங்க வந்து உக்காந்து, இந்த மாதிரி சுத்தமான நிசப்தம் எங்கயும் கேட்டதில்லைன்னு சொல்லிட்டுப் போறாங்களாம். எங்கூட்டு ஸ்பீக்கரு வயர அன்னிக்கே நான் அருவாமனையில அறுத்துப் போட்டுட்டேன். லேத்துக்கு வார்ப்பு வர்றது நின்னுருச்சு, என் வீட்டுக்காரரு வேற எடம் தேடிக்கிட்டு இருக்கறாரு.

இப்பவும் அக்கா வீட்டுக்குப் போறேன். நான் சும்மா இருந்ததப் பத்தி அவ ஒரு வார்த்த கேட்டதில்ல, டீ போட்டுக் குடுக்கறா. எனக்குத்தான் அந்த டீ எறங்க மாட்டேங்குது. எனக்கு நடந்தத அவ ஒரு நிமிசம் பொறுக்கல. அவளுக்கு நடந்தத நான் அஞ்சு மாசம் பொறுத்தேன்.